சீர்த்தட்டில் கால்பந்துச் சட்டை

எனக்குப் பொறாமை புதிதல்ல. மலேசியாவில் பகாவ் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். இந்தத் தொழிலில் பொறாமைப்பட நேரம் தாராளமாகக் கிடைக்கும். எண்ணெய் ஆலை வாசலில் வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்கிற லோரியின் புது டயரைப் பார்த்து எரியலாம். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வீட்டில் போன வருஷம் தானே திறந்து தானே மூடிக்கொள்ளும் கேட் போட்டார்கள். அது திறப்பதைப் பார்ப்பதற்காகவே வேலை இல்லாத நாளிலும் அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளை விட்டுக்கொண்டு போய், பார்த்து, வயிறெரிந்து, வீடு திரும்பியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரன் மரத்தில் டுரியான் அதிகமாகக் காய்த்தால் எனக்கு இங்கே காய்ச்சல் வரும். பழத்தை அவன் கொண்டுவந்து கொடுத்தால் தின்றுவிட்டு மறுபடியும் காய்ச்சலில் படுத்துக்கொள்வேன்.

இந்த வியாதிக்கு என்னிடம் ஒரு கைமருந்து இருந்தது. அதன் பெயர் இந்தியா.

என் தாத்தா கப்பல் ஏறி வந்தவர். அவருடைய அண்ணன் ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்று எங்கள் வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. பயந்துவிட்டார் என்று அப்பா சொல்வார். ஊரில் நின்றுவிட்ட அந்தப் பெரிய தாத்தாவின் வம்சம் இன்னும் ஓலைக் குடிசையில் கூழ் குடித்துக்கொண்டு எங்களுடைய பிஸ்கட் டின்னுக்காகக் காத்திருக்கிறது என்பது குடும்ப நம்பிக்கை. சாமி உண்டா இல்லையா என்றுகூட எங்கள் வீட்டில் சண்டை நடந்திருக்கிறது. இந்த நம்பிக்கையில் மட்டும் யாரும் கை வைத்ததில்லை. உலகத்தில் எல்லாரும் என்னைவிட வசதியாக இருந்துவிட்டுப் போகட்டும், கடல் தாண்டி ஒரு வீட்டில் நான் பணக்காரன். அதை நினைத்தால் தூக்கம் நன்றாக வரும்.

அந்த வம்சத்தில் இப்போது மிஞ்சியிருப்பவள் ஒரு பெண். முறைக்கு எனக்குத் தங்கை. அவளுக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. எனக்கும் அக்கா தங்கை இல்லை. எப்படியோ என் நம்பரைப் பிடித்து வீடியோ காலில் வர ஆரம்பித்தாள். எப்போதும் காலை நேரம்தான். நைட்டி, தோளில் ஒரு துண்டு, கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு. பின்னால் காரை பெயர்ந்த சுவர். சில சமயம் ஒரு மாட்டு வால் திரையின் ஓரத்தில் வந்து அவள் காதை வருடிவிட்டுப் போகும்.

“எப்படிம்மா இருக்க?” என்று கேட்பேன்.

“எங்களுக்கு என்னண்ணே, ஏதோ ஓடுது” என்பாள்.

போனை வைத்துவிட்டு “பாவம்” என்று மனைவியிடம் சொல்வேன். அந்தச் சொல் வாயில் அப்படி இனிக்கும்.

ஒரு நாள் அவள் தன் மகளுக்குக் கல்யாணம் என்றாள். “அண்ணே, தாய்மாமனா நீங்கதான் வந்து நிக்கணும். பொண்ணுக்கு மாலை நீங்கதான் போடணும்.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “பனியன் கம்பெனி வெச்சிருக்காரு ஒருத்தரு, நமக்குப் பங்காளி முறைதான். எங்க வீட்டுக்காரருக்குத் தொழில்ல வேண்டியவரு. அவரை நிறுத்தணும்னு இவருக்கு ஆசை. நீங்க நேர்ல வந்துட்டா இவரு ஒண்ணும் பேச முடியாது. வரலன்னா அவருதான்.”

தோட்டத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் நான் இருப்பேன். பந்தலுக்கு நாற்காலி ஏற்றிவர என் லோரி வேண்டும். வருகிற கார்களை எங்கே நிறுத்துவது என்று கையாட்ட நான் வேண்டும். மேடையில் மாலை போடுகிற நேரத்தில் நான் எப்போதும் கோயில் திடலில் எவனுடைய காரையோ பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருப்பேன். தங்கை இல்லாதவனுக்குத் தாய்மாமன் உத்தியோகம் எங்கே கிடைக்கும்? என் கையில் ஒருவர் மாலையைக் கொடுத்து “போடுங்க” என்று சொன்னதே இல்லை. டிக்கெட் போட்டேன்.

டிக்கெட் போட்ட சேதி தெரிந்ததும் துணி வர ஆரம்பித்தது. ஊருக்குப் போகிறவன் வீட்டுக்குப் பழைய துணி வந்து சேருவது எங்கள் தோட்டத்து வழக்கம். யாரும் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை. துவைத்து, மடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, “அங்க யாருக்காவது ஒதவும் லா” என்று வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். வளர்ந்துவிட்ட பிள்ளைகளின் பள்ளி விளையாட்டுச் சட்டைகள் வந்தன. என் மனைவி தன் பங்குக்குப் பள்ளிக் கேன்டீன் வேலைக்குப் போட்டுப் பழசான இரண்டு பாஜு கூரோங்கை, மலாய்ப் பெண்கள் போடும் தைத்த நீள உடுப்பை, எடுத்து வைத்தாள். நான் தோட்டத்துக் குழுவுக்குக் கோல் காத்த காலத்துச் சட்டையை வைத்தேன். கிராணி வீட்டிலிருந்தும் ஒரு பை வந்தது. அவர்கள் வீட்டுப் பழசு எங்கள் வீட்டுப் புதுசைவிட நன்றாக இருந்தது. அதிலிருந்து இரண்டு சட்டையை நான் எடுத்துக்கொண்டேன்.

“அது ஏழைங்களுக்குன்னு குடுத்ததுங்க” என்றாள் மனைவி.

“நான் மட்டும் யாரு லா?”

சீருக்கென்று சிரம்பானில் ஒரு பட்டுப்புடவையும், நூல் மாதிரி ஒரு சங்கிலியும் வாங்கினோம். வழக்கமான பிஸ்கட் டின்களும் தைலப் பாட்டில்களும் தனி. ஏழை வீட்டுக்கு இது அதிகம் என்றுகூட எனக்குத் தோன்றியது. அவர்கள் கூச்சப்பட்டுவிடக் கூடாதே.

கல்யாணத்துக்கு முதல் நாள் திருச்சியில் இறங்கினோம். அன்று சாயங்காலமே சீர் அழைப்பு. சீர் வந்து இறங்கியதும் தாய்மாமன் பெண்ணுக்கு மாலை போட்டு மேடை ஏற்ற வேண்டும். மனைவி விமான நிலையத்துக் கழிவறையிலேயே பட்டுக்கு மாறி, உள்ள நகையெல்லாம் போட்டுக்கொண்டாள். எனக்கு அந்தப் புழுக்கத்தில் அரைக்கால் சிலுவாரும் சிலிப்பரும்தான் சரிப்பட்டது. தங்கை அனுப்பிய கார் வெளியே நின்றது.

“வண்டி புத்தம் புதுசா இருக்குங்க” என்றாள் மனைவி, சந்தேகத்தோடு.

“வாடகை வண்டிம்மா. நல்லாத் தொடச்சி வெச்சிருக்கான். பாவம், நமக்காகக் கடன் வாங்கியிருப்பா.”

வழியெல்லாம் நகைக்கடை விளம்பரங்கள். ஒவ்வொரு பலகையிலும் ஒரு பெண் கழுத்து தெரியாமல் நகை போட்டுக்கொண்டு சிரித்தாள். பலகையைத் தாங்கும் இரும்புக் காலுக்கும் காலுக்கும் நடுவே சேலையால் தொட்டில் கட்டி ஒரு பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. கேக்கு மாதிரி மூன்று மாடி வீடு, அதன் சுவரிலேயே சாய்ந்து ஒரு தார்ப்பாய்க் குடிசை. எங்கள் தோட்டத்திலும் மேனேஜர் பங்களா உண்டு, ஆனால் அதற்கும் எங்கள் தொழிலாளர் லயத்துக்கும் நடுவே ஒரு மேடு, ஒரு வேலி, நாலு நாய் உண்டு. எரிய வேண்டும் என்றால் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். இங்கே நடை மிச்சம். நல்ல மனிதனாக இருந்தால் அந்தத் தொட்டிலைப் பார்த்து மனம் கலங்கியிருக்க வேண்டும். எனக்குக் கேக்கு வீடுகளைப் பார்த்து எரியவே நேரம் சரியாக இருந்தது.

கார் ஒரு கல்யாண மண்டபத்தின் முன் நின்றது. வாசலில் ஒரே நிறத்துப் புடவை, ஒரே மாதிரி கொண்டை, ஒரே மாதிரி பூ வைத்த பெண்கள் வரிசையாக நின்றார்கள். பன்னீர் தெளித்து என் மனைவியை உள்ளே அழைத்துக்கொண்டார்கள். எங்கள் பைகளையும் அவர்களே தூக்கிக்கொண்டு போனார்கள். நான் ஒரு நிமிஷம் பின்தங்கினேன். காரணம், கேட். கிராணி வீட்டுக் கேட்டை அதன் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவு பெரியது. அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது காவலாளி வந்தார். ராணுவத் தளபதி மாதிரி உடுப்பு. என் சிலிப்பரைப் பார்த்தார்.

“டிரைவரா?”

“ஆமா” என்றேன். உண்மைதானே.

“டிரைவருங்களுக்குக் கீழ பந்தி. அந்தப் பக்கம் போப்பா.”

கீழே கார் நிறுத்துமிடத்தில், கார்களுக்கு நடுவே, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஓட்டுநர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எலுமிச்சம் சாதம், தயிர் சாதம், ஊறுகாய். மேலே இருந்து நெய் வாசனை மட்டும் இறங்கி வந்தது. பசி. யாராவது தேடி வரட்டும் என்று நானும் ஒரு பொட்டலத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

“நீங்க யாரு வண்டிண்ணே?”

“மலேசியாக்காரர் வீட்டு ஆளு” என்றேன்.

“அட! வந்துட்டாரா அவரு? எங்க மொதலாளிக்கு அதான் கவலை.” அவர் பனியன் கம்பெனிக்காரரின் ஓட்டுநர். “மாலை யாரு போடறதுன்னு இன்னும் முடிவாகல. எங்காளு ரெண்டு வேன்ல சீரு கொண்டாந்திருக்காரு. உங்காளு எப்படி, பெரிய கையா?”

“தோட்டத்துலயே இருக்கறவரு.”

“ஆளு எப்படி? சம்பளம் ஒழுங்காக் குடுப்பாரா?”

“எனக்கு இதுவரைக்கும் ஒரு காசு குடுத்ததில்ல.”

அவர் தலையை ஆட்டினார். “பணக்காரன்னாலே அப்படித்தாண்ணே. ஊறுகா போட்டுக்கங்க.”

அப்போது எல்லா ஓட்டுநர்களும் சடக்கென்று எழுந்து நின்றார்கள். பழக்கதோஷம், நானும் எழுந்து நின்றேன். படிக்கட்டில் ஒரு பெண் வேகமாக இறங்கி வந்தாள். அரக்குப் பட்டு, காதில் மூக்கில் கழுத்தில் எல்லாம் வைரம். அந்த மங்கிய வெளிச்சத்தில் கார் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. அவளுக்குப் பின்னால் என் மனைவி, வாயைப் பொத்திக்கொண்டு.

“அண்ணே!” என்றாள் அந்தப் பெண். “இங்க வந்து சாப்பிட்டுட்டு இருக்கீங்களே!”

குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். நைட்டியும் துண்டும் போன இடம் தெரியவில்லை. என் கையில் எலுமிச்சம் சாதம். பக்கத்து ஓட்டுநர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டு மெதுவாக ஊறுகாயைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

மேலே போகும் வழியில் கேட்டேன். “இந்த மண்டபம் வாடகை எவ்வளவும்மா?”

“நம்மளதுதாண்ணே.”

“அந்தச் செவுரு? போன்ல பின்னால தெரியுமே?”

“அதுவா, மாட்டுக் கொட்டாய். பால் கறக்கறப்ப நான் பக்கத்துல நிக்கலன்னா தண்ணி கலந்துடறாங்க. அங்க நிக்கற நேரத்துலதான் உங்களுக்குப் போன் போடுவேன்.” பிறகு கொஞ்சம் சங்கடமாக, “அந்தச் செவுரையும் இடிச்சுக் கட்டணும்ணே. மாடுங்களுக்கு ஃபேன் பத்தல” என்றாள்.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு ஃபேன். அதுவும் தலையை ஒரு பக்கம்தான் திருப்பும். வாழ்க்கையில் முதல்முறையாக மாட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

அவள் கணவர் மாடியில் எங்களை வரவேற்றார். அரிசி ஆலை, கல்குவாரி என்று ஏதேதோ வைத்திருப்பவர். “வாங்க மச்சான், பிரயாணமெல்லாம் சௌக்கியமா?” என்று கேட்டார். கேள்வி என்னிடம், பார்வை சிலிப்பரிடம். சிலிப்பர் பதில் சொல்லவில்லை.

எங்களுக்குக் கொடுத்த அறையின் குளியலறை எங்கள் லய வீட்டைவிடப் பெரியது. உள்ளே காலை வைத்ததும் கழிப்பறை மூடி தானாகவே எழுந்து நின்றது. இந்த நாட்டில் இறங்கியதிலிருந்து எனக்கு எழுந்து நின்ற ஒரே ஜீவன் அதுதான். நானும் பதிலுக்கு வணக்கம் வைத்தேன்.

ஜன்னல் வழியே மண்டபத்தின் பின்பக்கம் தெரிந்தது. மதில் சுவரை ஒட்டித் தார்ப்பாய்க் குடிசைகள். ஒன்றிலிருந்து சாயம்போன சேலையில் ஒரு பெண் வெளியே வந்தாள். சமையல்கட்டு வாசலுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் மடித்த பட்டுப்புடவையை அவள் கையில் கொடுத்தான். உள்ளே போனாள். திரும்பி வந்தபோது வாசலில் பன்னீர் தெளித்த வரிசைக்கு இன்னொருத்தி. கொண்டையும் பூவும்கூட அந்த ஆள் கணக்குத்தான். “வேலை முடிஞ்சதும் கழட்டிக் குடுத்துடணுமாம்” என்றாள் மனைவி. பன்னீர் தெளிக்கும்போதே பேச்சுக் கொடுத்துத் தெரிந்துகொண்டு வந்திருந்தாள். “நான்கூட அவங்களப் பார்த்து, எல்லாம் சம்பந்தி வீட்டு ஆளுங்கன்னு நெனச்சி கும்பிட்டுட்டேன்.” என்னை உடுப்பைப் பார்த்துக் கீழே அனுப்பினார்கள், அந்தக் குடிசைப் பெண்ணை உடுப்பு மேலே நிற்க வைத்திருக்கிறது. இரண்டு பேரும் சாயங்காலம் முடிந்தால் பழைய இடத்துக்குத்தான்.

சாயங்காலம் வேட்டி கட்டி, கிராணி வீட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன். மேளம் தொடங்கிவிட்டது. முதலில் பனியன் கம்பெனிக்காரரின் சீர். தட்டுத் தட்டாகப் பட்டு, அன்னப்பறவையாகச் செதுக்கிய தர்பூசணி, பாதாமில் கட்டிய கோபுரம், வெள்ளிக் குத்துவிளக்கு, ரிப்பன் கட்டின ஸ்கூட்டர். போய்க்கொண்டே இருந்தது. கூலிப் பெண்கள் ஒரு தட்டை உள்ளே வைத்துவிட்டு ஓடிவந்து இன்னொன்றை எடுத்தார்கள். எனக்கு நெஞ்செரிச்சல் ஊறுகாயாலா, இதனாலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

“அடுத்தது மலேசியா தாய்மாமன் சீர்!” என்று மைக்கில் அறிவித்தார்கள்.

முதல் தட்டில் எங்கள் பட்டுப்புடவையும் சங்கிலியும் வந்தன. பரவாயில்லை. அடுத்த தட்டில் பிஸ்கட் டின்கள் கோபுரமாக, மூன்றாவதில் தைலப் பாட்டில்கள் தாமரையாக. அலங்காரம் செய்கிறவர்கள் கெட்டிக்காரர்கள் என்று நினைத்தேன். நான்காவது தட்டைப் பார்த்ததும் மனைவி என் கையைக் கிள்ளினாள்.

எங்கள் பைகள் எல்லாவற்றையும் சீர் என்று நினைத்துப் பிரித்துவிட்டார்கள். பள்ளி விளையாட்டுச் சட்டைகள், சிவப்பு மஞ்சள் நீலம் பச்சை, விசிறி மாதிரி மடித்து நடுவில் ரோஜா வைத்து வந்தன. மனைவியின் பாஜு கூரோங் மயிலாக வந்தது. என் கோல்கீப்பர் சட்டை அன்னமாக மாறி, நெஞ்சில் எண் தெரிய, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு வந்தது. அதன் பின்னால், ஆலையில் வேலை செய்கிறவர்கள் போடும் பச்சைப் பாதுகாப்புச் சட்டை ஒன்று. வெள்ளிப் பட்டைகளில் விளக்கு வெளிச்சம் பட்டு, அதுவரை வந்த எல்லாப் பட்டுத்துணியையும் அது தோற்கடித்துவிட்டது.

“மலேசியா மாடல் போல” என்றார் ஒருவர்.

“அந்தப் பச்சையப் பாரேன், என்னமா மின்னுது! ஃபாரின் சரக்குன்னா தனிதான்.”

ஒரு பெரியம்மா மயிலின் வாலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். “இது எத்தனை முழம்டீ? எப்படிக் கட்டறது?”

வீடியோக்காரர் மண்டியிட்டு என் கோல்கீப்பர் சட்டையை நாலு பக்கமும் சுற்றிச் சுற்றி எடுத்தார்.

“ஏங்க, செத்துப்போயிடலாமா?” என்று காதோரம் கேட்டாள் மனைவி.

“சாப்பிட்டுட்டுச் சாவலாம். நீ மத்தியானம் நெய்ச்சோறு தின்ன. எனக்கு எலுமிச்சம் சாதம்தான்.”

கூட்டத்திலிருந்து ஒருவர் வந்தார். வெள்ளைக் கதர்ச் சட்டை, விரலில் மோதிரம்கூட இல்லை, காலில் ரப்பர் செருப்பு. தட்டிலிருந்து ஒரு சட்டையை எடுத்து, துணியை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து நசுக்கிப் பார்த்தார். காலரைத் திருப்பினார். உள்பக்கம் பள்ளிக்கூடத்து வழக்கப்படி மார்க்கரில் ஒரு பிள்ளையின் வகுப்பு எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டு, இருந்த மாதிரியே விசிறியாக மடித்து, ரோஜாவையும் சரிசெய்து வைத்தார். பிறகு நேராக என்னிடம் வந்தார். பனியன் கம்பெனிக்காரர் இவர்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. ரப்பர் செருப்புக்காரரைக் காவலாளி எப்படி உள்ளே விட்டார்? அதைச் சிந்திக்க நேரமில்லை.

“வணக்கம்ணே” என்றார். குரலைத் தாழ்த்தினார். “பொழங்கின துணி. தப்பா வந்துடுச்சுன்னு நெனைக்கிறேன். யாருக்கும் தெரிய வேணாம். என் தட்டுல கொஞ்சம் எடுத்து உங்க பேர்ல வெச்சிடறேன். இதையெல்லாம் சத்தமில்லாம உள்ள அனுப்பிடலாம். மாலைய மட்டும் நான் போட்டுடறேன். நீங்க பக்கத்துல நில்லுங்க, போட்டோவுல விழற மாதிரி.”

கிண்டல் இல்லை. உண்மையான அக்கறை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பணம் இருக்கிறவன் கெட்டவனாகவாவது இருக்க வேண்டும், அதுதானே நியாயம்? பணமும் அவனுக்கு, குணமும் அவனுக்கு என்றால் எங்களுக்கு என்னதான் மிச்சம்? நாங்கள் எதை வைத்துக்கொண்டு அவனைத் திட்டுவது? அவருடைய வேனைப் பார்த்துப் பட்ட பொறாமையைவிட அந்தத் தணிந்த குரலைப் பார்த்துப் பட்ட பொறாமை அதிகம்.

ஆனாலும் அவர் சொன்னது நல்ல யோசனை. மானம் தப்பும். மாலை போகும். நான் பாதித் தலையை ஆட்டிவிட்டேன். மீதிப் பாதி ஆட்டுவதற்குள் தங்கை வந்துவிட்டாள்; அவள் கணவரும் பின்னாலேயே வந்தார், கையில் மாலையோடு. எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். தட்டிலிருந்து அதே சட்டையை எடுத்தாள். காலரைத் திருப்பினாள்.

“அண்ணே, இதெல்லாம் யாருக்குக் கொண்டாந்தீங்க?”

வேலைக்காரர்களுக்கு என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் தட்டைப் பிடித்துக்கொண்டு என் எதிரே நின்றவள், மத்தியானம் தார்ப்பாய்க்குள்ளிருந்து வந்த அந்தப் பெண். பதிலுக்காக அவளும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உனக்குத்தாம்மா” என்றேன்.

“எனக்கா?”

“நீ கஷ்டப்படறன்னு நெனச்சிட்டேன். செவுரு அப்படி இருந்திச்சி லா.” வாய் திறந்தபிறகு நிறுத்தத் தெரியாத ஜாதி நான். “புள்ளைங்களுக்கு அந்தச் சட்டைங்க. கோல்கீப்பர் சட்டை உன் வீட்டுக்காரருக்கு.”

அவள் கணவரின் முகம் கல்குவாரி மாதிரி ஆனது. பனியன் கம்பெனிக்காரர் இருமினார். அதற்குள் ஒரு சிரிப்பு இருந்தது. தங்கை சிரிக்கவில்லை. சட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மாலை போய்விட்டது என்றே முடிவு செய்துவிட்டேன்.

“எனக்கு யாரும் பழைய துணி குடுத்ததே இல்லண்ணே” என்றாள். “கூடப் படிச்ச புள்ளைங்க எல்லாம் அக்கா பாவாடை, அண்ணன் சட்டைன்னு போட்டுட்டு வரும். பெருசா இருக்கும், தொளதொளன்னு. எனக்கு மட்டும் எப்பவும் புதுசு, அளவெடுத்துத் தச்சது. எவ்வளவு அழுதிருக்கேன் தெரியுமா? கூடப் பொறந்தவங்க இருந்தாத்தான பழசு கெடைக்கும்.” கணவர் பக்கம் திரும்பினாள். “மாலைய எங்கண்ணன்ட்ட குடுங்க.”

“இல்லம்மா, அவரு ரெண்டு வேன்ல...”

“டீசல் போட்டு அனுப்பறேன். குடுங்க.”

மாலை என் கைக்கு வந்தது. கனமாக, ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது. அந்தத் துணியெல்லாம் தன் அறைக்குப் போக வேண்டும், ஒன்றுகூட வெளியே போகக் கூடாது என்று அவள் உத்தரவு போட்டாள். தட்டுப் பிடித்திருந்த பெண் தயங்கித் தயங்கிப் பேசினாள்.

“அம்மா, அந்த மின்னுற சட்டை மட்டும்... எங்க வீட்டுக்காரரு ரோடு போடற வேலை. இருட்டுல வர்ற வண்டிக்கு ஆளு தெரிய மாட்டேங்குது.”

“அது எங்கண்ணன் சீரும்மா” என்றாள் தங்கை, அன்பாகத்தான். “உனக்குப் புதுசா ஒண்ணு வாங்கித் தரச் சொல்றேன்.”

“சரிங்கம்மா.”

அந்தச் ‘சரிங்கம்மா’ எனக்குத் தெரியும். கூரை ஒழுகுகிறது என்று போய் நின்றால் எங்கள் மேனேஜரும் இதே அன்போடுதான் சொல்வார்; நாங்களும் இதே மாதிரிதான் சரி என்று திரும்பி வருவோம். மாலையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பச்சைச் சட்டையை எடுத்து அந்தப் பெண்ணின் தட்டுக்கு அடியில் சொருகினேன்.

“எடுத்துக்கம்மா. சீரு குடுக்கறவன் நான்தான.”

பெருந்தன்மை என்று நினைத்துவிட வேண்டாம். அது கிராணி வீட்டுப் பையில் வந்த சட்டை. அடுத்தவன் பொருளில் நான் எப்போதும் கர்ணன்.

தங்கையின் முகம் சுருங்கியது. அவள் சொல்லை அந்த மண்டபத்தில் அதற்குமுன் யாரும் மீறியிருக்க மாட்டார்கள். அவள் கணவர் ஆவலோடு என் தோளிலிருந்த மாலையைப் பார்த்தார். நான் மாலையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவள் அந்தப் பெண்ணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“அண்ணன்னா இப்படித்தான் எதுத்துப் பேசுவாங்களா?” என்று என் மனைவியிடம் கேட்டாள்.

“இது ஒண்ணுமே இல்லங்க. வீட்டுக்கு வந்து பாருங்க” என்றாள் மனைவி.

தங்கை என் முதுகில் கைவைத்து மேடைப் பக்கம் தள்ளினாள். கொஞ்சம் பலமாகவே தள்ளினாள்.

மேடையில் பெண் தலையைக் குனிந்தாள். “மாமா, கொண்டை கலைஞ்சிடும், மெதுவா” என்றாள். மெதுவாகப் போட்டேன். குலவை சத்தம் கேட்டது. கார் தள்ளப் போகாமல் ஒரு கல்யாணத்தில் குலவையை முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

நிமிர்ந்து கீழே பார்த்தேன். முதல் வரிசைக்குப் பக்கத்தில் பனியன் கம்பெனிக்காரர் நின்றுகொண்டிருந்தார். தானே சொல்லிக் கட்டி எடுத்துவந்த மாலை, வாழையிலையில் சுற்றியபடி, அவர் கையிலேயே இருந்தது. சிரித்த முகம்தான். ஆனால் கண் என் கைகளைவிட்டு நகரவில்லை. வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். எனக்கு அந்தப் பார்வை அத்துப்படி. கிராணி வீட்டுக் கேட் முன்னால், ஆலை வாசலில், டுரியான் மரத்தடியில், இத்தனை வருஷமாக நான் போட்டுக்கொண்டு திரிந்த முகம் அது. அதை வெளியிலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. அவ்வளவு நல்ல மனிதர் முகத்திலும் அது நன்றாக இல்லை. இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்து மேலே கூட்டிவந்திருக்கலாம். அவர் என் இடத்தில் இருந்திருந்தால் அப்படித்தான் செய்திருப்பார்.

“மாமா, போதும், எறங்குங்க” என்றார் போட்டோக்காரர். “அடுத்த ஆளுங்க நிக்கறாங்க.”

“இன்னொன்னு எடு லா” என்றேன், இருந்த இடத்தைவிட்டு அசையாமல்.